கல்யாணம் கம்பெனிகளுக்கு, கண்ணீர் தொழிலாளிக்கா?

2024 மே 8-ம் தேதி விடிந்தபோது, திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் விமான நிலையங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தவித்து நின்றன. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்கள் ரத்து! விசா முடியும் நாள் நெருங்கியவர், லீவு தீர்ந்து வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டியவர், அங்கே நோயில் கிடக்கும் சொந்தத்தைப் பார்க்கப் புறப்பட்டவர் என்று எத்தனையோ பேர். முன்னறிவிப்பு இல்லை, மாற்று ஏற்பாடு இல்லை, கவுண்டரில் பதில் சொல்ல ஆளும் இல்லை.

அன்றும் அதற்கு மறுநாளும் பழவங்காடியிலும் கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் ஒரே பேச்சுத்தான். "கை நிறையச் சம்பளம் வாங்குகிற விமானப் பணிப்பெண்கள் கூட்டமாகப் பொய்க் காய்ச்சல் போட்டுவிட்டார்கள். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்." இப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், உழைத்துப் பிழைப்பவர்கள், தாங்களும் ஒரு நாள் அதே போல வீட்டுக்கு அனுப்பப்படக் கூடியவர்கள்.

அவர்களுடைய கோபத்தை நாம் பழிக்கவில்லை. டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியவன் கோபப்படத்தான் செய்வான். ஆனால் கோபத்துக்கும் ஒரு விலாசம் வேண்டும். தவறான விலாசத்துக்குப் போகிற கடிதம் போலத் தவறான ஆள் மேல் பாய்கிற கோபமும் வீணாகிப் போகும். இந்தக் காய்ச்சலுக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நம் ஊர் மண்ணில் பிறந்த சேவை. 2005 ஏப்ரல் 29-ம் தேதி அதன் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்துதான் அபுதாபிக்குப் பறந்தது. வளைகுடாவில் வியர்வை சிந்துகிறவனுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு விமானம் வேண்டும் என்று நெடுநாள் எழுந்த குரலுக்குக் கிடைத்த பதில் அது. அதன் தலைமை அலுவலகம் பல ஆண்டு கொச்சியில் இருந்தது.

2022 ஜனவரி 27-ம் தேதி ஏர் இந்தியாவும் அதனோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரசும் டாடா கைக்குப் போயின. டாடாவிடம் ஏற்கெனவே ஏர் ஏசியா இந்தியா என்ற கம்பெனி பெங்களூரில் இருந்தது; அது ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் என்று பெயர் மாறியது. இரண்டையும் ஒன்றாக்க முடிவு செய்தார்கள். கொச்சித் தலைமை அலுவலகம் குருகிராமத்துக்குப் பெயர்ந்தது. சட்டப்படி இணைப்பு முடிந்தது 2024 அக்டோபர் 1-ல். ஆனால் அதற்கு வெகு முன்பே விதிமுறை, பதவி, படி, ஷிப்ட் எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

தொழிலாளர்கள் சொன்ன குறை என்ன? பழைய படிகள் வெட்டப்பட்டன. பயிற்சிக்குப் போகும் இடத்தில் தனி அறை போய், இரண்டு பேருக்கு ஓர் அறை என்றானது. உயர் பதவிகளில் இணைய வந்த கம்பெனியின் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் ஓரத்தில் நிறுத்தப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையே காலவரையறை ஒப்பந்தத்தில் தொங்கியது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கத்தி தலைக்கு மேல். அந்த நிலையில் எவள் வாய் திறப்பாள்?

ஆனாலும் வாய் திறந்தார்கள். சங்கம் வைத்தார்கள். அது பாரதிய மஸ்தூர் சங்கத்தோடு சேர்ந்த சங்கம். கொடியின் நிறம் எதுவாயினும் வயிற்றின் நிறம் ஒன்றுதான் என்பதால் அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. லேபர் கமிஷனரிடம் மனுச் செய்தார்கள். சமரசப் பேச்சு நடந்தது. தொழிலாளர் சட்டங்கள் அப்பட்டமாக மீறப்படுகின்றன என்று மத்திய அரசின் வட்டாரத் தொழிலாளர் ஆணையரே எழுதியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அரசு அதிகாரியே எழுதிய பிறகும் நிர்வாகம் அசையவில்லை.

அதன் பிறகுதான் மே 7 இரவு வந்தது. பணியாளர்கள் கூட்டமாக உடல்நலக் குறைவு என்று அறிவித்தார்கள். 9-ம் தேதிக்குள் சுமார் 25 பேருக்கு வேலைநீக்க உத்தரவு. அன்றே டில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு; நீக்கியவர்களைத் திரும்ப எடுப்பதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது; போராட்டம் முடிந்தது.

ஆக, மே 9-ம் தேதி ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சில மணி நேரத்தில் பேச முடிந்ததை, அதற்கு முந்தைய மாதங்களில் ஏன் பேசவில்லை? பயணிகளைத் தவிக்கவிட்டது காய்ச்சல் போட்டவர்களா, காய்ச்சல் வரும் வரை காதை மூடிக் கொண்டிருந்தவர்களா?

முதல் கல்யாணத்தின் கதை

இது முதல் தடவையாக இருந்தால் அனுபவம் போதவில்லை என்று மன்னித்துவிடலாம். ஆனால் இதே வீட்டில் 2007-லேயே ஒரு கல்யாணம் நடந்தது. வெளிநாட்டுக்குப் பறந்த ஏர் இந்தியாவும் உள்நாட்டில் பறந்த இந்தியன் ஏர்லைன்சும் இணைக்கப்பட்டன. அப்போது மாப்பிள்ளை, பெண் இரண்டு பேருமே அரசாங்கத்தின் பிள்ளைகள். மேளம் கொட்டினார்கள், புதுப் பெயர் வைத்தார்கள். ஆனால் யார் சீனியர், யார் ஜூனியர், யாருக்கு என்ன சம்பளம், புது விமானத்தை யார் ஓட்டுவது என்ற கணக்கைத் தீர்க்காமலே தாலி கட்டிவிட்டார்கள்.

விளைவு என்ன? 2011 ஏப்ரல் 27-ம் தேதி பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பத்து நாள் நடந்தது. சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது; தலைவர்கள் நீக்கப்பட்டார்கள்; பின்பு ஒப்பந்தம். அடுத்த ஆண்டு 2012 மே மாதம் எதிர்த்தரப்பு இறங்கியது. போயிங் டிரீம்லைனர் விமானங்களுக்கான பயிற்சியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளையும் சேர்ப்பதா என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் கேட்டார்கள். அது 58 நாள் நீடித்தது. அதிலும் அங்கீகாரப் பறிப்பு. சுமார் நூறு விமானிகள் நீக்கம்.

இடையில் 2010 மே மாதம். மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விழுந்து 158 பேர் மாண்ட மூன்றாம் நாள், தொழிலாளர்கள் பத்திரிகையாளரிடம் பேசக் கூடாது என்ற வாய்ப்பூட்டு உத்தரவை எதிர்த்து இன்ஜினீயர்களும் தரைப் பணியாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். அங்கும் அதே மருந்து: வேலைநீக்கம், அங்கீகார ரத்து.

இரண்டு வீட்டுப் பணிமூப்பையும் சம்பளத்தையும் ஒழுங்கு செய்ய நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். எப்போது? 2011-ல். அறிக்கை வந்தது 2012 ஜனவரியில். கல்யாணம் முடிந்து நாலரை ஆண்டு கழித்து ஜாதகம் பார்த்த கதை!

சரி, டாடா வந்த பிறகாவது பாடம் படித்தார்களா? 2024 மார்ச் கடைசியில் விஸ்தாரா விமானிகள் பலர் வேலைக்கு வரவில்லை, விமானங்கள் ரத்தாயின. காரணம்? ஏர் இந்தியாவுடன் இணைப்பதற்கு முன்னோட்டமாகப் புதிய சம்பளத் திட்டம். 70 மணி நேரம் பறந்ததாகக் கணக்கிட்டு உறுதியாகத் தந்த சம்பளம் 40 மணி நேரமாகக் குறைந்தது. அந்த இணைப்பு 2024 நவம்பர் 12-ல் முடிந்தது. ஓய்வு வயதிலும் பேதம். ஏர் இந்தியா விமானிக்கு 58, விஸ்தாரா விமானிக்கு 60. ஒரே சீருடை, ஒரே விமானம், இரண்டு நீதி! இதைச் சரி செய்ய 2025 ஆகஸ்ட் வரை இழுத்தது.

ஆக முதலாளி அரசாங்கமானாலும் டாடாவானாலும் முறை ஒன்றே. கம்பெனிகளின் சொத்துக் கணக்கைப் பைசா சுத்தமாக முடிப்பார்கள். மனிதர்களின் கணக்கை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விடுவார்கள்.

அன்று முடிந்தது, இன்று ஏன் முடியாது?

இப்படித்தான் நடக்கும், இணைப்பு என்றால் சிலர் நசுங்கத்தான் செய்வார்கள் என்று புத்தி சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 1953-ஐ நினைவூட்டுகிறோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி நாட்டின் விமானக் கம்பெனிகள் தேசியமயமாயின. எட்டுக் கம்பெனிகள் இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனில் அடங்கின. அந்தச் சட்டத்திலேயே தொழிலாளிக்கு ஓர் இடம் இருந்தது. 1952 ஜூலை 1-க்கு முன் வேலைக்குச் சேர்ந்து நீடித்தவர்கள், அதே சம்பளத்தோடும் அதே நிபந்தனைகளோடும் கார்ப்பரேஷனின் ஊழியர்களாவார்கள் என்று எழுதினார்கள். பிறகு முறைப்படி மாற்றலாம் என்று ஒரு சந்தும் அதில் இருந்தது உண்மையே. ஆயினும் வாசலில் நுழையும்போதே எவனும் தெருவில் நிற்கவில்லை.

2021-ல் என்ன எழுதினார்கள்? ஓராண்டுக்கு ஆள்குறைப்பு இல்லை. அதன் பின் வேலையை விட்டு அனுப்புவதானால் விருப்ப ஓய்வு தர வேண்டும். அவ்வளவே! அப்போது ஏர் இந்தியாவில் 12,085 பேர். அதில் 8,084 பேர் நிரந்தரம், 4,001 பேர் ஒப்பந்தம். ஏர் இந்தியா எக்ஸ்பிரசில் 1,434 பேர். இத்தனை குடும்பங்களுக்குப் பன்னிரண்டே மாத உத்தரவாதம். 2022-லும் 2023-லும் விருப்ப ஓய்வு வந்தது. 2024 மார்ச்சில் பறக்காத பிரிவினர் சுமார் 180 பேர் வெளியே அனுப்பப்பட்ட செய்தி வந்தது. ஒரு ஸ்கூட்டர் வாங்கினால் கூட இதைவிட நீண்ட காரண்டி தருகிறார்கள்!

வெளிநாட்டைப் பாருங்கள். பிரிட்டனில் 1981 முதலே, தொழில் கைமாறினால் தொழிலாளியும் தன் பழைய நிபந்தனைகளோடே கைமாறுவான் என்ற விதி உண்டு. அமெரிக்காவில் 2001-ல் டி.டபிள்யூ.ஏ. கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விழுங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. பணிப்பெண்களைப் பணிமூப்புப் பட்டியலின் அடியில் தள்ளினார்கள். இருபது முப்பது ஆண்டு உழைத்தவர்களும் நேற்று வந்தவர்களுக்குக் கீழே. ஆள்குறைப்பு வந்ததும் 2003-க்குள் அவர்கள் அனைவரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த அநியாயத்தின் பேரில் 2007-ல் அங்கே சட்டமே வந்தது: விமானக் கம்பெனிகள் இணைந்தால் பணிமூப்புப் பட்டியலை நியாயமாகக் கோக்க வேண்டும், தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும். முதலாளித்துவத்தின் தலைநகரில் முடிந்தது, சோஷலிசக் குடியரசு என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் நம் நாட்டில் முடியாதா?

சட்டம் எந்தப் பக்கம்?

நம் நாட்டிலும் 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. தொழில் கைமாறும்போது வேலை தொடர்ச்சி அறுந்தாலோ நிபந்தனை மோசமானாலோ தொழிலாளிக்கு ஆள்குறைப்பு நஷ்டஈடு உண்டு. புதிய சட்டத்திலும் அந்தக் கொள்கை நீடிக்கிறது. ஆனால் இதில் கிடைப்பது பணம்தானே தவிர வேலை அல்ல. "உன்னை வாங்குகிறவன் உன்னை வைத்துக்கொள்ள வேண்டும்" என்று சட்டம் சொல்லவில்லை.

நீதிமன்றம்? 2024 மே 16-ம் தேதி, வேலைநிறுத்தம் முடிந்து ஒரே வாரத்தில், உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏர் இந்தியா தனியாரிடம் போய்விட்டதால் அது இனி அரசின் அங்கமல்ல. எனவே ஊழியர்கள் அதன் மேல் ரிட் மனுப் போட முடியாது. அந்த ஊழியர்கள் வழக்குப் போட்டது கம்பெனி அரசிடம் இருந்த காலத்திலே! வழக்கு நடந்துகொண்டிருக்கையில் எதிரியின் சட்டை மாறியது. வாதியின் உரிமை போயிற்று. கம்பெனியை விற்றபோது தொழிலாளியின் அரசியல் சட்டப் பாதுகாப்பையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்கிறோம்.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. காலவரையறை ஒப்பந்த வேலைக்கு அது முழு அங்கீகாரம் தருகிறது. சம ஊதியம், ஓராண்டில் கிராச்சுவிட்டி என்று சர்க்கரை தடவியிருக்கிறார்கள். அதை மறைக்க மாட்டோம். ஆனால் ஒப்பந்தம் முடியும் நாளில் "போய் வா" என்றால் அது ஆள்குறைப்பே அல்ல! அனுமதி பெறாமல் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு முன்பு 100 பேர் உள்ள இடத்துக்கே இருந்தது. இப்போது 300 பேர். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதுவும் வேலைநிறுத்தமே. தொழிலாளி தப்பிக்க எந்தெந்தச் சந்து உண்டோ அவற்றை எல்லாம் எண்ணி எண்ணி அடைத்திருக்கிறார்கள். நிர்வாகம் சமரசப் பேச்சை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் சந்து மட்டும் அகலமாகத் திறந்தே கிடக்கிறது.

"நஷ்டத்துக்குக் காரணம் நீங்களே!"

அடுத்த குற்றச்சாட்டு இது. ஆள் அதிகம், அதனால் நஷ்டம், அதனால் விற்றோம் என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் முடிவில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா ஏற்றுக் கொண்டது 15,300 கோடி. ரொக்கமாகத் தந்தது 2,700 கோடி. மிச்சமான 46,262 கோடி யார் தலையில்? அரசின் தலையில். அதாவது தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நம் தலையில்!

இந்தக் கடன் லோடர் வாங்கியதா? பணிப்பெண் வாங்கியதா? இணைப்புக்குச் சற்று முன் இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், பெரும்பாலும் கடனில். அதைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2011-ல் கண்டித்தது. லாபம் தரும் வழித்தடங்களில் தனியாரையும் அயல்நாட்டுக் கம்பெனிகளையும் தாராளமாக அனுமதித்தார்கள். முடிவு எடுத்தவர்கள் அமைச்சர்களும் அதிகாரிகளும். தண்டனை மட்டும் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை

நிர்வாகத்தை மட்டும் ஏசிவிட்டு ஒதுங்க நாம் விரும்பவில்லை. 2011-ல் ஒரு விமானிகள் சங்கம் போராடியபோது மற்றது வேடிக்கை பார்த்தது. 2012-ல் அது இறங்கியபோது முந்தையது விமானத்தை ஓட்டிக் காட்டியது. டிரீம்லைனர் உனக்கா எனக்கா என்று இருவரும் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள்; பின்னாளில் வீடே விலை போனது. இரண்டு பூனைக்கும் அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நம் தலைவர்களுக்குத் தெரியவில்லை!

இன்னொன்று. நிரந்தர ஊழியரின் சங்கங்கள் 4,001 ஒப்பந்தத் தொழிலாளரைத் தங்கள் ஆட்களாக எண்ணிப் போராடிய நாட்கள் எத்தனை? பெட்டி தூக்குகிறவன், விமானத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள், சக்கர நாற்காலி தள்ளுகிறவன் இவர்களுக்குச் சங்கத்தின் வாசலில் கூட இடமில்லாதிருந்தது. அவர்கள் இல்லாமல் எந்த விமானமும் எழும்பாது என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2024 செப்டம்பரில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஏர் இந்தியா சாட்ஸ் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்பள உயர்வும் போனசும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். விமானங்கள் தாமதமாயின. சங்கங்கள் கூட்டாக நின்றன. ஒரு நாளைக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. ஒற்றுமை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல அகராதி வேண்டுமா?

நமக்கு என்ன?

"நாம் விமானத்தில் வேலை செய்யவில்லையே" என்று சிலர் நினைக்கலாம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைக்க வந்த நம்மில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? காண்டிராக்ட் மாறினால் பழைய ஆளுக்கு வேலை உண்டா? கடை கைமாறினால் பத்து வருஷக் கணக்கு என்னாகும்? பெரிய கம்பெனியில் பெரிய எழுத்தில் நடப்பது, நம் தெருவில் சின்ன எழுத்தில் தினமும் நடக்கிறது.

மூணாறைப் பாருங்கள். அதுவும் நம் தமிழ் மக்கள் ரத்தம் சிந்தி வளர்த்த மலை. 2005-ல் டாடா டீ ஒதுங்கித் தோட்டங்கள் புதிய கம்பெனிக்குப் போயின. "நீங்களும் பங்குதாரர்கள்" என்று தொழிலாளிக்குப் பங்குப் பத்திரம் தந்தார்கள். 2015-ல் போனசை 10 சதவீதமாக வெட்டியபோதுதான் பங்குதாரரின் பங்கு எது என்று தெரிந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். தங்களை மறந்த சங்கத் தலைவர்களைக் கிட்டே வராதே என்று விரட்டினார்கள். போனசும் கூடுதல் தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள். எழுதப் படிக்கப் பழகாத தாய்மார்கள் படித்தவர்களுக்குக் கற்றுத் தந்த பாடம் அது.

2003-ல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர் சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் நீக்கியபோது, "நன்றாக வேண்டும்" என்று கை தட்டியவர்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகள்தான் இன்று நிரந்தர அரசு வேலை எங்கே என்று தேடுகிறார்கள்.

நாம் கேட்பது

ஒன்று: கம்பெனிகள் இணையும் முன், பணிமூப்பு, சம்பளம், பதவி பற்றிய ஒப்பந்தம் சங்கங்களோடு கையெழுத்தாக வேண்டும். அது இல்லாமல் இணைப்புக்கு அனுமதி தரலாகாது.

இரண்டு: தொழில் கைமாறினால் வேலையும் தொடரும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். நஷ்டஈடு வேலைக்கு ஈடாகாது.

மூன்று: ஆண்டு முழுவதும் இருக்கிற வேலைக்குக் காலவரையறை ஒப்பந்தம் கூடாது. தரைப் பணி ஒப்பந்தத் தொழிலாளரும் இதில் அடக்கம்.

நான்கு: சமரசப் பேச்சுக்குக் கெடு வேண்டும். இழுத்தடிக்கும் நிர்வாகத்துக்கும் தண்டனை வேண்டும்.

ஐந்து: ரத்தான விமானத்தால் வேலையையோ விசாவையோ இழந்த பயணிக்கு டிக்கெட் பணம் திரும்பினால் போதாது, முழு நஷ்டமும் கம்பெனி தர வேண்டும். தகராறைத் தீர்க்காமல் விடுவதற்கு விலை உண்டு என்று தெரிந்தால்தான் நிர்வாகம் தகராறைத் தீர்க்கும்.

இந்த ஐந்தாவது கோரிக்கையில் பயணியும் பணியாளரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வைப்பதில்தான் மூன்றாமவனுக்கு லாபம்.

தோழர்களே, தாய்மார்களே! அடுத்த முறை விமானம் நிற்கும்போது, பஸ் நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் வேலை நிற்கும்போது, யார் நிறுத்தினார் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அதற்கு முன் எத்தனை மாதம் அவர்கள் மனுக் கொடுத்தார்கள், யார் அதைப் படிக்கவில்லை என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடமும் கேளுங்கள்.